பதிவறையில் சாரை

விசாரணைக்கு வந்த அய்யா
நாற்காலியை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு
முதலில் கேட்டது:
"பாம்பு பிடிக்கத் தெரியுமா?"

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள்.
உயிரியலில் தொண்ணூற்றொன்று.
பாம்பின் இதயத்துக்கு மூன்று அறை என்றேன்.
அவர் எழுதிக்கொண்டார்:
தெரியவில்லை.

"எலி தின்பீங்களா?"
நேற்று ரேஷன் அரிசிச் சோறும் கத்தரிக்காயும் என்றாள் அம்மா.
அதையும் எழுதிக்கொண்டார்.
தலையில் எண்ணெய் இருக்கிறதே,
காலில் செருப்பு இருக்கிறதே,
பேச்சு சுத்தமாக இருக்கிறதே.
ஒவ்வொரு இருக்கிறதேயும்
எனக்கு எதிரான சாட்சி.

செஞ்சய்யா என்று அப்பா பெயரைச் சொன்னதும்
பேனா நின்றது.
"தெலுங்குப் பேராச்சே. எந்த ஊரு?"
சத்தியவேடு பக்கம், ஏரிக்கரை.
பத்து வயதில் அரிசி ஆலைக்காரன்
முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றிய ஊர்.
ஆரணியாற்றுக்கு அந்தப் பக்கம் எங்களை ஏனாதி என்பார்கள்,
இந்தப் பக்கம் இருளர்.
ஆற்றில் தண்ணீர் இருந்து நான் பார்த்ததில்லை.
"அப்ப அங்க போய் வாங்கு."

அங்கே போனோம்.
முப்பது வருசமாக இங்கே இல்லாதவன்,
அரவதேசத்துக்கே போ என்றார்கள், தெலுங்கில்.
திரும்பும்போது செக்போஸ்டில்
ஒரு மணல் லாரி நிற்காமல் போனது.
எந்தக் கரை மணல் என்று
அதை யாரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் ஒரு சான்று உண்டு.
ஆலையிலிருந்து மீட்டபோது தந்தது.
பிளாஸ்டிக் உறை போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறோம்.
இவர் கொத்தடிமையாக இருந்தவர் என்று
அரசு முத்திரை குத்திய காகிதம்.
அதில் இனம் என்ற இடத்தில் இருளர் என்றுதான் இருக்கிறது.
காட்டினேன்.
"அது வேற டிபார்ட்மென்ட்மா."

நர்சிங் கலந்தாய்வுக்குப் பதினோரு நாள் இருந்தது.
பத்து.
ஒன்பது.
எண்ணாதே என்றாள் அம்மா.

நாலு நாள் மிச்சமிருந்தபோது
இருட்டிய பிறகு ஒரு பைக் வந்து நின்றது.
ஆபீஸ் காவலாளி தனகோட்டிக்கு மூச்சு வாங்கியது.
"பதிவறையில பாம்பு. ஒன்னத்தான் கூட்டியாரச் சொன்னாரு."
யாரு?
"அய்யாதான்."

அப்பா சட்டையை மாட்டினார்.
டார்ச் பிடிக்க நானும் போனேன்.

வராந்தாவில் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார் அய்யா.
நாங்கள் யாரென்று
இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளே அலமாரி அலமாரியாக நாங்கள்.
நாடா போட்டுக் கட்டி, வருசம் எழுதி,
ஓரமெல்லாம் எலி அரித்து.
யாருடைய பெயரோ பாதி
தூளாகக் கொட்டிக் கிடந்தது.
என்னுடையதும் இருந்தது:
பௌர்ணமி, தகப்பன் பெயர் செஞ்சய்யா.
மேலே பென்சிலில், நிலுவை.
அதற்கு அடுத்த கட்டின்மேல்
வயிறு புடைத்து, நகரச் சோம்பி,
நல்ல நீளத்தில் ஒரு சாரை.

அப்பா குந்தி உட்கார்ந்து கொஞ்சநேரம் பார்த்தார்.
"கடிக்காது. எலிக்கு வந்திருக்கு.
எலி காகிதத்துக்கு வந்திருக்கு" என்றார்.
காகிதத்துக்கு வந்த எங்களைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

வாலைப் பிடித்துத் தூக்கிக்
கோணியில் விட்டு வாயை முடிந்தார்.
"அடிச்சிட்டியா?" என்றார் வெளியே அய்யா.
"ஆச்சுங்க."
இருநூறு ரூபாய் நீட்டினார்.
அப்பா வாங்கிக்கொண்டார்.
வாங்கியிருக்க வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்தேன்.
மறுநாள் திருவள்ளூர் பஸ்ஸுக்கு அதுதான் ஆனது.

ஆனால் அதற்கு முன்,
ஆபீசுக்குப் பின்னால் போய்,
பதிவறைச் சன்னலுக்கு நேர் கீழே
சாக்கடைக் கல்லோரம் முடிச்சை அவிழ்த்தார் அப்பா.
சாரை தலை தூக்கிக் காற்றை நக்கியது.
பிறகு வந்த வழியே
சுவர் விரிசலுக்குள் இழுபட்டுப் போனது.

"உன் மனு எந்த அலமாரி?"
மூணாவது. கீழ்த்தட்டு.
"அது பாத்துக்கும்" என்றார்.
டார்ச்சை அணைக்கச் சொன்னார்.